கழுத்தில் ஒரு படர்தாமரை

படர்தாமரைக்கு மருந்து விற்பவனுக்குப் படர்தாமரை வரக்கூடாது. எனக்கு வந்தது, அதுவும் கழுத்தில். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டைவிட்டு, சிதம்பரத்தில் மாமாவின் பச்சிலைக் கடையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தவர்கள் என் கழுத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். கடலூரில் அப்பா என்னை மறுபடி பரீட்சைக்கு உட்கார வைக்கக் காத்திருந்தார். அரிப்பில் உழலும் அன்பர்களே, உங்களுக்குத்தான் என் நிலைமை புரியும். மாமா சொன்னார்: "யாவாரம் படுத்துட்டுதுன்னா நீ ஊருக்குப் போயிடு."

அரைக்கும் நேரம்

மழைக்கால மத்தியானங்களில் படர்தாமரைக்குப் பூசும் சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைப்பேன். அம்மி ஓட ஓட, பச்சை வாசனையில் கண் செருகும். பிச்சாவரத்துத் தண்ணீரில் படகு தானாகப் போகும், இரண்டு பக்கமும் வேர்கள் குனிந்து என் கழுத்தைத் தடவும், அரிப்பே இருக்காது. ஒருநாள் குழவியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். நிஜப் பிச்சாவரத்திலிருந்து வரும் மீன்கார அக்கா, வீட்டுக்காரருக்கு மருந்து கேட்டு வந்தவர், உலுக்கி எழுப்பினார்: "மோந்து பாத்தே மருந்தத் தீத்துடுவ போலருக்கே, எழுந்திரு தம்பி!"

கூட்டாளிக்கு

இந்த நோய்க்கு யாரும் தனக்கென்று மருந்து கேட்டதில்லை. அண்ணனுக்கு, மச்சானுக்கு என்பார்கள். அண்ணாமலை நகர் விடுதி மாணவர் ஒருவர் ரூம் கூட்டாளிக்கு என்றார். "எங்க இருக்கு?" என்றேன். "இடுப்புல" என்று சொல்லும்போதே அவர் கை அங்கே போய்விட்டது. சிரித்துவிட்டேன். அவர் என் கழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்: "உனக்காவது நாலு பேர் எதிர சொறியிற எடத்துல வந்திருக்கு, குடுத்துவச்சவன்டா நீ!"

மூணு நாள்

மாமா ஒரு துண்டைக் கொடுத்தார். "கழுத்துல சுத்திக்க. யார் கேட்டாலும் மூணே நாள்ல போயிடும்னு சொல்லு." சுற்றிக்கொண்டேன். உள்ளே புழுக்கம்; வட்டம் விழித்துக்கொண்டது. மீன்கார அக்கா மறுபடி வந்து, "எத்தினி நாள்ல போவும்?" என்றார். மாமா என்னையே பார்த்தார். எனக்கு அரிப்புத் தாங்கவில்லை. துண்டை உருவிப் போட்டேன். "பத்தொம்பது நாளா நானே பூசறேன் அக்கா. பாதிதான் மறைஞ்சிருக்கு."

அக்கா என்னை வெளிச்சத்துக்கு இழுத்து, வெளிறிய வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். "மூணு கடையில மூணு நாளுன்னுதான் சொன்னாங்க, ஒண்ணும் போவல. நீ காஞ்ச எலையா ஒரு மாசத்துக்குப் பொட்டலம் கட்டிக் குடு."

மாமா துண்டைச் சுற்றச் சொன்னார், மூணு நாள் என்று சொல்லச் சொன்னார், ஊருக்குப் போகச் சொன்னார். முதலாவதைப் பாதியில் விட்டு, இரண்டாவதைச் செய்யாததால் மூன்றாவதையும் செய்யாமல் தப்பினேன்.