நாய்க்கு ஊற்றிய கறித் தண்ணீர்

நான் படித்தது நாலாம் வகுப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவன், கப்பல்களுக்கு முட்டை, காய்கறி ஏற்றும் சொந்த வியாபாரம் வரைக்கும் ஏறினேன். அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் எனக்கென்று ஒரு கிடங்கு இருந்தது. யார் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை. என் கையைப் பிடித்து வந்தவர்கள்தான் அதிகம். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி. அங்கேயே தங்கிக் கிடங்கைப் பார்த்துக்கொள் என்று வைத்திருந்தேன்.

உண்மையில் பார்த்துக்கொண்டது ஒரு கறுப்பு நாய். டோல்கேட்டில் லாரிச் சக்கரத்துக்கு அடியில் போக இருந்த குட்டியை நான்தான் தூக்கி வந்தேன். ராத்திரியில் எலி, திருடன் எதுவும் உள்ளே வராது. பகலில் கூலி ஆட்கள் வந்துபோவதால் சங்கிலியில் கட்டியிருப்போம்.

சரக்கு ஏற்றப் போகும்போது கப்பல் சமையல்காரர்கள் உப்பில் ஊறிய மாட்டுக்கறியும் நசுங்கிய கறி டின்களும் கொடுப்பார்கள். எங்கள் பக்கம் அதற்குக் கப்பல் கறி என்று பேர். அதைத் தின்கிற வீட்டுக்குத் தெருவில் தனி மரியாதை. ஆனால் அப்படியே வாயில் வைக்க முடியாது, கருவாட்டைவிடக் கரிக்கும். சட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வடித்த பிறகுதான் குழம்பு வைக்க வேண்டும்.

வடித்த தண்ணீரை என்ன செய்வது? அரிசி கழுவிய தண்ணீரையே கீழே கொட்டாமல் மாட்டுக்கு வைக்கிற ஜனம் நாங்கள். அந்தப் பழக்கத்தில் மச்சான் கறித் தண்ணீரைப் பழைய சோற்றில் ஊற்றி, டின்னில் ஒட்டிய கொழுப்பையும் வழித்துப் போட்டு நாய்க்கு வைத்தான். அது தட்டை நக்கிப் பளபளவென்று ஆக்கிவிடும்.

"பாத்தீங்களா, எங்க மாமா நாயி தொர ஊட்டு சோறு துன்னுது. நமக்குக் கூட இந்த யோகம் இல்ல!" என்று கூலி ஆட்களிடம் பெருமை அடிப்பான்.

ஒரு வாரம் பெரிய கப்பல் ஒன்று வந்து நின்றது. நான் துறைமுகமே கதி என்று கிடந்தேன். ஒரு நாள் மத்தியானம் கிடங்குக்கு வந்தால் நாய் எழுந்திருக்கவில்லை. வாயெல்லாம் நுரை. என் குரல் கேட்டு எழப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் மடங்கிக்கொண்டன.

"தண்ணி வெச்சியாடா?"

"இன்னா மாமா இப்டி கேக்குற? தண்ணிலதானே சோத்தயே போட்டேன். காலைலேந்து கறித் தண்ணி ஊத்திகினுதான் கீறேன். அதுவும் குட்ச்சிகினேதான் கீது."

தட்டில் மிச்சம் இருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் தேவலை.

ரிக்ஷாவில் மடியில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர், என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"உப்புப் போட்ட கறி, டின் கறி எல்லாம் நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாதுங்க. கொழுப்பு வயித்தைக் கெடுக்கும். உப்பு மூளையைப் பிடிக்கும். அதுலயும் குடிக்க நல்ல தண்ணி இல்லாம கட்டிவேற போட்டிருக்கீங்க."

நாக்கை நனைக்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடச் சொன்னார், ஊசி போட்டார். வழியிலேயே வந்த வலிப்பு நிற்கவில்லை. பொழுது சாயும் முன்னே என் கையில் அடங்கிவிட்டது.

வெறும் சங்கிலியோடு திரும்பி வந்தேன். மச்சான் கிடங்கு வாசலில் உட்கார்ந்து கப்பல் கறிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"போச்சா? சரி வுடு மாமா, வேற குட்டி பாத்துக்கலாம். வா, ஒரு வாய் துன்னு. இன்னிக்குத்தான் உப்பு கரெக்டா கீது."

குழம்புச் சட்டியைத் தெருவில் வீசினேன். பின்னாலேயே அவன் பெட்டியையும் வீசினேன்.

அவன் சும்மா போகவில்லை. எதிர்க் கிடங்குக்காரன் மருந்து வைத்து நாயைக் கொன்றுவிட்டான், மாமா பழியை என் மேல் போட்டார் என்று ராயபுரம் முழுக்கச் சொன்னான். என் மனைவியும் அதையே நம்பினாள். பிறகு மணலியில் லாரிகள் ஓட்டினேன், மூன்று மாடி வைத்து வீடு கட்டினேன். அவள் சொந்தக்காரர்களுக்கு நான் இன்றும் நாய்க்காக மச்சானைத் துரத்தினவன்தான். அவன் மகள் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. அந்தக் கையால் பரிமாறும் சோறு எனக்கும் வேண்டாம்.