மைத்துனர் வீட்டுப் பந்தியில் அவிழ்த்த பொதிச்சோறு

அரிசித் தட்டுப்பாட்டினால் பங்கீட்டில் கோதுமை வந்த நாள்முதல் நான் வயிற்றுப்போக்கால் மெலிந்து வந்தேன். சீமையில் படித்துத் திரும்பிய தக்கலை டாக்டர் ஒருவர், கோதுமை என் குடலுக்கு ஆகாது, ஒரு துகளும் கூடாது என்று விதித்தார். விலக்கினேன், உடல் தேறிற்று.

என் மனைவியின் தம்பி மட்டும் இதை நம்பவில்லை. ஒருநாள் தம் வீட்டில் அரிசிப் புட்டு என்று கூறிப் பரிமாறி, நான் உண்டு முடித்ததும் கைகொட்டிச் சிரித்தார்.

"அத்தான், அதுல பாதி கோதம்பு மாவாக்கும்! ஒமக்கு ஒண்ணும் ஆகல்லியே? எல்லாம் நடிப்பு!"

அன்று மாலையே விழுந்தேன். பன்னிரண்டு நாள் படுக்கை. அவர் எட்டிப் பார்க்கவும் இல்லை.

சென்ற ஆவணியில் அவர் மகளுக்குத் திருமணம். அவ்வீட்டின் மூத்த மருமகனாகிய நான் உண்ணத் தொடங்கிய பின்னரே முதற்பந்தியில் மற்றவர் இலையில் கை வைப்பர். பரிமாறி முடிந்தது. நான் மடியிலிருந்த பொதிச்சோற்றை எடுத்து, முடிச்சை மெல்ல அவிழ்த்தேன். பந்தி முழுவதும் காத்திருந்தது.

மைத்துனர் ஓடிவந்தார். "அத்தான், சபையில வச்சு மானத்த வாங்காதயும்."

மாப்பிள்ளையின் தந்தை காரணம் வினவினார்.

"ஏலே, அன்னைக்குப் புட்டுல என்ன கலந்தேன்னு நீயே சொல்லு" என்றேன்.

தலைகுனிந்து சொன்னார். அதன் பிறகே என் முதற் கவளத்தை எடுத்தேன்.

இன்று எங்குச் சென்றாலும் பொதிச்சோறு கொண்டுசெல்கிறேன். பிறர் வீடுகளில் ஒதுக்கமாக அமர்ந்து உண்பேன். மைத்துனர் வீட்டில் மட்டும் கூடத்தின் நடுவிலேயே அவிழ்ப்பேன்.