சிவப்புக் கோட்டின் கீழ் நிப்லாவின் வீடு

என் ராத்தா மைமூனாவுக்கு, கூடப்பிறந்த அக்காவுக்கு, வாய் நீளம் என்று சம்மாந்துறையில் பாதிப்பேர் சொல்வார்கள். மற்றப் பாதிப்பேர் அவளிடம் மா அரைக்கக் கொடுப்பவர்கள், அதனால் சொல்லமாட்டார்கள். வீட்டு விறாந்தையை அடைத்து ஒரு அரைக்கிற மில் வைத்திருக்கிறாள். அரிசி, மிளகாய், மல்லி எல்லாவற்றையும் அவளே கொட்டுவாள், அவளே அள்ளுவாள். அவளுடைய கணவர் அச்சிமுகம்மது மச்சான் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் அவர் ஒரு சொல் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும்.

பொழுது சாய்ந்தால் எங்கள் பக்கம் கரண்ட் இறங்கிவிடும். பல்ப் மங்கும், மோட்டர் முனகும். நோன்பு மாதத்தில், ஊரே அரிசியைத் தூக்கிக்கொண்டு வருகிற நேரத்தில், ராத்தாவின் மோட்டர் எரிந்தே போனது. திருத்திக் கொண்டுவந்து வைத்தால் அடுத்த வருடமும் அதே கதை. பின்னே எப்படி இறங்காமல் இருக்கும்? புதுப் புது வீடுகள், கடைகள், அரிசி ஆலைகள், வீட்டுக்கு வீடு ஏசி. லைன் மட்டும் பழைய லைன்.

அதனால்தான், பெரிய லைன் போடப்போகிறார்கள், அது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பல்தேவைக் கட்டட மண்டபம் நிறைய ஆம்பிளைகள். பின்னால் சுவரோரமாகப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்திருப்போம். மேடையில் கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் சிங்களத்தில் பேச, காரைதீவுப் பெடியன் ஜதுசன், அவனும் அதே மின்சார அலுவலகம்தான், தமிழில் சொன்னான்.

"யாராவது முதல்ல கருத்துச் சொல்றீங்களா?" என்று ஜதுசன் கேட்டதுதான் தாமதம், ராத்தா எழும்பிவிட்டாள்.

"எங்களுக்குப் பெரிய லைன் வேணும் சேர். கெதியாக் கட்டுங்க. இந்தக் கரண்ட வெச்சி ஒரு கொத்து மா அரைக்க ஏலாமக் கிடக்கு!"

சபை சிரித்தது, கையும் தட்டியது. இரண்டாவது வரிசையில் இருந்த அபுல் ஹஸன் ஹாஜியார் திரும்பி ராத்தாவைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் கல்முனைக்குடியில் மரம், பலகை விற்கிற மரக்காலை வைத்திருப்பவர். அவருடைய மகன் முர்ஷித்துக்குத்தான் ராத்தாவின் மகள் நிப்லாவைப் பேசியிருந்தோம். வெள்ளாமை வெட்டின கையோடு நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் படத்தைச் சுவரில் விரித்தார்கள். புது லைன் போகிற வழி சிவப்புக் கோடாக இருந்தது. ஊருக்குள் வந்தால் வீடுகள் உடைபடும் என்று கிழக்கு ஓரமாக, வெறும் காணிகளுக்கு மேலாகக் கொண்டுபோகிறார்களாம். கோட்டின் இரண்டு பக்கமும் அகலமாக ஒரு பட்டி. அதற்குள் இனி யாரும் வீடு கட்டக்கூடாதாம்.

"இந்தப் பட்டிக்குள்ள ஒரு வீடுகூட இல்ல. மேலயிருந்து படம் எடுத்துப் பாத்துத்தான் கீறினது," என்றான் ஜதுசன்.

ராத்தா என் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால் எலும்பு நொறுங்குகிற பிடி. நானும் பார்த்துவிட்டேன். அந்தக் கோடு நிப்லாவின் அத்திவாரத்துக்கு நேர் மேலே போனது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்போதே பெற்றவர்கள் அத்திவாரம் போட்டுவிடுவார்கள். பிறகு கை கொடுக்கிறதைப் பார்த்து ஒரு போகத்துக்குக் கிறவல் மண் நிரப்புவது, இன்னொரு போகத்துக்குத் தூண் எழுப்புவது. நடுவில் வெள்ளம் வரும், விளைச்சல் பிழைக்கும், வேலை அப்படியே நிற்கும். தூண் கம்பியில் துரு ஏறும், தரையைப் புல் மூடும். மேலேயிருந்து படம் எடுத்தவனுக்கு அது வெறும் காணி. எங்களுக்கு அது ஒரு பிள்ளையின் வீடு.

அந்த வீட்டைக் காட்டித்தான் மாப்பிள்ளை கேட்டிருந்தோம். இப்போது எழும்பிச் சொன்னால் ஹாஜியாரின் கண் முன்னாலேயே கல்யாணம் கவிழும். சொல்லாவிட்டால் வீடு போகும், அதோடு கல்யாணமும் போகும், கொஞ்சம் பிந்தி.

ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து மச்சான் திரும்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஒள்ளுப்பம் பொறு ராத்தா," என்று நானும் காதுக்குள் சொன்னேன். "கூட்டம் முடிய அந்தத் தம்பிக்கிட்டத் தனியச் சொல்லுவம்."

அது கேட்டதுபோல ஜதுசன் சொன்னான்: "ஆட்சேபனை இருந்தா இப்பயே சொல்லுங்க. இண்டைக்குப் பதியாத ஒண்டையும் பிறகு எடுக்க ஏலா."

யாரும் அசையவில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் அத்திவாரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பரமசாதுபோல எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் விளங்கியது, ஒவ்வொருவருக்கும் அந்தச் சபையில் பயப்பட ஒரு சம்பந்தி இருந்தார்.

இன்ஜினியர் பேனாவை மூடினார். ராத்தா என் கையை விட்டுவிட்டு எழும்பினாள்.

"அந்தக் கோட்டுக்குக் கீழ என்ட மகள்ட வீடு இரிக்கி சேர்."

இன்ஜினியர் படத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். ஜதுசன், "அங்க வீடு ஒண்டும் இல்லயே அக்கா, கொங்கிறீட் மட்டும்தானே கிடக்கு?" என்றான். அவனுக்கு விளங்கியிருந்தது, முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் கேட்க வேண்டியது அவன் வேலை.

"அதுதான் வீடு. கூரை இன்னும் வரல்ல, அவ்வளவுதான். பெரிய லைன் வேணாம் எண்டு நான் சொல்லல்ல. என்ட புள்ளட தலைக்கு மேலால வேணாம் எண்டுதான் சொல்றன்."

அபுல் ஹஸன் ஹாஜியார் மெதுவாக எழும்பினார். "நீங்க எங்களுக்குக் காட்டின அந்தக் காணியா?"

"ஓம் ஹாஜியார், அதேதான்," என்றாள் ராத்தா. தலை குனியவில்லை.

அவர் கதிரைகளை விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நேரம் அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது.

"பதியிறதுக்குச் சொந்தக்காரர்ட பேரச் சொல்லுங்க," என்றான் ஜதுசன்.

மச்சான் எழும்பி, "அச்சிமுகம்..." என்று தொடங்கினார்.

"அவர்ட பேர் இல்ல தம்பி," என்று ராத்தா வெட்டினாள். "நிப்லா எண்டு எழுதுங்க. வீடு அவட."

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் கூடிய சபையில் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளையின் பேரை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். 'மூத்தவ', 'நடுவிலவ' என்பதோடு சரி. மச்சானுக்கு முகம் சிவந்து போனது.

நடுவரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "என்ட மகள்டயும் எழுதுங்க தம்பி. பஸ்லியா."

"றிஸ்னா," என்றார் இன்னொருவர், நிலத்தைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேர்கள் வந்தன. தாடி நரைத்த மனிதர்கள், வயல்காரர், கடைக்காரர், ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் பிள்ளைகளின் பேரைச் சொன்னார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. எனக்கு மூன்றும் ஆண்கள். என்றாலும் வந்தது.

"சிபானா."

குரல் வாசலிலிருந்து வந்தது. அபுல் ஹஸன் ஹாஜியார் ஒரு காலில் செருப்பை மாட்டியபடி நின்றார். "என்ட கடைசி மகள். கல்முனைக்குடியில இடமில்ல எண்டு இங்கதான் காணி வாங்கிப் போட்டன். அதுவும் கோட்டுக்குக் கீழதான்."

முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார்.

ஜதுசன் இன்ஜினியருக்கு நீண்ட நேரம் விளக்கினான். அவர் படத்தையும் சபையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டுக் கோட்டின் மேல் பேனாவால் குறுக்கே வெட்டிவிட்டு, அதைத் திரும்ப அளப்போம், வாய்க்கால் ஓரமாகக் கொண்டுபோக முடியுமா என்று பார்ப்போம் என்றார். முடியும் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னார்.

கூட்டம் கலையும்போது ஹாஜியார் எங்களிடம் வந்தார்.

"சம்மந்தி, நிக்காஹ் நாள் அப்படியே இரிக்கட்டும். வீடு எழும்பக்குள்ள எழும்பட்டும். நானும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தன். நீங்க பேரச் சொன்ன பிறகு வெளிய போறதுக்கு எனக்குக் கால் வரல்ல."

அவ்வளவு நேரமும் நிமிர்ந்து நின்ற ராத்தா கதிரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். மச்சான் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய கைப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"சிபானாக்கு மாப்பிள்ள பேசிட்டீங்களா?" என்று அழுகையோடு கேட்டாள்.

"ஓம். முன்னுக்கு வெள்ளத் தொப்பியோட இருந்தாரே, அவர்ட மகன்தான்."

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்தக் கதிரை காலியாகக் கிடந்தது. ஹாஜியாரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"அவர்ட வீடு எங்க ஹாஜியார்? வாங்க போவம், நானும் வந்து கதைக்கிறன்."