அண்ணனை அறைந்த மாமா

எங்கள் குடும்பத்தில் சினிமாவில் நடித்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். நம்பினாலும், எந்தப் படம், எந்தக் காட்சி என்று துருவுவார்கள். அங்கேதான் சிக்கல். மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, பதினெட்டுப் படங்களில் நடித்திருந்தார். ஒன்றில்கூட அவர் முகம் முழுதாகத் தெரிந்ததில்லை. அவர் ஃபைட்டர். கதாநாயகன் உதைத்ததும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுவது அவர் வேலை.

உதைத்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அடிதடிப் படம் என்றாலே அப்போது அவர்தான். ரசிகர்கள் 'அண்ணன்' என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். நான் சேலையூரில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கையால் அடி வாங்கியவரின் அக்கா மகள் என்பதால் வகுப்பில் எனக்குத் தனி மரியாதை. அடி வாங்குவதை ஒரு பதவி என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ஒரு படப்பிடிப்பில் கயிறு அறுந்து மாமா விழுந்தார். மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தே கிடந்தார். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமாவுக்கோ விழுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அம்மா சனிக்கிழமைதோறும் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்குப் படியேற ஆரம்பித்தாள். மாமா இடுப்பில் கட்டியிருந்த அகலமான பெல்ட், குஸ்தியில் ஜெயித்தவர்களுக்குக் கொடுப்பது என்று நான் வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அண்ணனுக்கு, குழந்தை குட்டிகளோடு வந்து பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புப் படம் பண்ண ஆசை வந்தது. கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. மனைவியை வேலைக்கு அனுப்பிவிட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாம்பார் வைக்கிற பயந்தாங்கொள்ளி அப்பா வேஷம். சண்டையே இல்லாத படத்தில் ஃபைட்டருக்கு என்ன வேலை? ஆனால் அதில் அண்ணனைக் கன்னத்தில் அறைகிற வீட்டு ஓனர் ஒருவர் வந்தார். அண்ணன் மேல் கை வைக்க எந்த நடிகரும் துணியவில்லை. கடைசியில் அண்ணனே மாமாவுக்கு ஆள் அனுப்பினாராம். முகம் தெரியும், வசனம் உண்டு, விழ வேண்டியதில்லை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் மாமா இனி நின்றுகொண்டே பிழைத்துக்கொள்ளலாம். வராவிட்டால், அண்ணனை அடித்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும். அதன்பிறகு யார் கூப்பிடுவார்கள்?

சினிமாவில் அறைகிறவனுக்கு வேலையே இல்லை, வாங்குகிறவன்தான் சரியான நொடியில் முகத்தைத் திருப்ப வேண்டும் என்பார் மாமா. அண்ணனுக்கோ வாங்கிப் பழக்கமில்லை. முதல் டேக்கில் மாமாவின் கை பக்கத்தில் வந்ததும் அண்ணனின் கை தானாக எழுந்து தடுத்தது. அந்தக் கை எழுந்ததைப் பார்த்ததும் மாமாவின் உடம்பு தானாகப் பறந்துபோய் நாற்காலிகள் மேல் விழுந்தது. யாரும் யாரையும் தொடவே இல்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். மாமா எழுந்து நிற்கப் பத்து நிமிஷம் ஆனதாம். அவர் இதைச் சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பதினோராவது டேக்கில்தான் அறை ஒழுங்காக விழுந்ததாம்.

முதல் நாள் முதல் காட்சிக்குத் தாம்பரத்துத் தியேட்டருக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். தம்பி அடி வாங்குவதை டிக்கெட் எடுத்து வேறு பார்க்கணுமா என்று அதுவரை அம்மா மாமாவின் ஒரு படத்துக்கும் வந்ததில்லை. முன்வரிசைகள் முழுக்க ரசிகர் மன்றப் பையன்கள். அண்ணன் ஏப்ரனோடு வந்தபோதும் விசில் அடித்து, கிழித்து வைத்திருந்த காகிதங்களைப் பறக்கவிட்டார்கள். எப்படியும் கடைசியில் ஒரு சண்டை இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

வீட்டு ஓனராக மாமா வந்தார். கத்தினார். அறைந்தார்.

தியேட்டர் கப்பென்று அடங்கிவிட்டது. முன்னாலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்துபோய்த் திரையில் மோதியது. நான் சீட்டின் மேல் ஏறி நின்று, "எங்க மாமா, எங்க மாமா, இதோ இங்க உக்காந்திருக்காரு" என்று பெருமை தாங்காமல் கத்தினேன். அத்தனை தலைகளும் திரும்பின. அம்மா என்னை இழுத்து உட்கார வைத்து வாயைப் பொத்தினாள். இவளுக்கு எப்போதும் என் மேல் பொறாமை என்று எனக்குக் கோபம் வந்தது.

திரையில் அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, தோளிலிருந்த குழந்தையைக் காட்டி, "சார், பாப்பா தூங்குது. கொஞ்சம் சத்தமில்லாம அடிங்க" என்றார்.

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. சிரிப்பு அப்படியே வரிசை வரிசையாக முன்னால் போய், கடைசியில் மன்றத்துப் பையன்களையும் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் இடைவேளையில் பையன்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அண்ணன் படம் போட்ட பனியனில் இருந்த ஒருவன், "நீதானா எங்க அண்ணன அடிச்சது?" என்று கேட்டான். அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

மாமா சீட்டைப் பிடித்து மெதுவாக எழுந்தார். "நான்தாம்பா. பதினெட்டு படத்துல அவரு என்னை அடிச்சிக்கிறாரு. ஒரு படத்துல நான் அடிச்சா இன்னா இப்போ?"

பையன் கண்ணைச் சுருக்கினான். "பாலத்து மேலேர்ந்து லாரில வுழுவாங்களே ஒருத்தர்..."

"நான்தான்."

"பஸ் கண்ணாடிய ஒடச்சிகினு வருவாங்களே?"

"அதுவும்தான்."

அத்தனை சண்டையும் அவனுக்கு மனப்பாடம். விழுந்தவர் முகம் மட்டும் தெரியாது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். "அடி ஜாஸ்தியாண்ணா?" என்று கேட்டான். பிறகு எல்லோரும் மாமாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவர் தோளில் கை போடவில்லை என்பதை நான் கவனித்தேன், அவ்வளவு மரியாதை.

படம் விட்டுப் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மாமாவின் போன் அடித்தது. ஏதோ சினிமா கம்பெனி மேனேஜர். மாமா "சரிண்ணா, சரிண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேண்ணா. அதுல வுழுவணுமா?" என்றார்.

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "கல்யாண மண்டபத்து மேனேஜர் வேஷமாம்க்கா. நின்னுகினு கத்தணுமாம், அவ்ளோதான். அடி ஒண்ணும் கெடையாதாம்."

அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகையாக வந்தது. இவ்வளவு பெரிய மாமாவுக்கு ஒரே ஒரு அடிகூடத் தர மாட்டேன் என்கிறார்களே. நான் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, "அழாதம்மா, அதுக்கு அடுத்த படத்துல மாமா நல்லா அடி வாங்குவாரு" என்று தேற்றினேன்.