பேப்பர் வெட்டும் கத்தி

கடையில் இருந்தது நான்கு பேர்: நான், தங்கை மகள் செல்வி, பாத்திரக்கடை அண்ணாச்சி, அவர் மனைவி.

செல்விக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில். இதுவரை அரிவாள்மனையில் மட்டுமே காய் நறுக்கியவள். இனி தனி அறை, ஒரே கத்தி. அது எல்லாவற்றுக்கும் ஆக வேண்டும், பல வருஷம் உழைக்க வேண்டும்.

அண்ணாச்சி பளபளவென்று ஒன்றை எடுத்து, பேப்பரைச் சர்ரென்று வெட்டிக் காட்டினார். "பாத்தியளா, எப்பிடி வெட்டுதுன்னு!"

"எங்க வீட்ல பேப்பர்ல கூட்டு வைக்கதில்ல அண்ணாச்சி. இத வெட்டுங்க" என்று பையிலிருந்த சேனைக்கிழங்கை எடுத்து வைத்தேன்.

பாதியில் கத்தி நின்றது. அழுத்தினார். அலகு கிழங்கில் நிற்க, பிடி மட்டும் அவர் கையில் வந்தது. பிளாஸ்டிக் பிடிக்குள் அலகு ஒரு விரற்கடைகூட இறங்கியிருக்கவில்லை.

மனிதர் கூசவே இல்லை. "நாளைக்கு சனிக்கெழம. நீங்கதான் இரும்பு வாங்க மாட்டியளே. இன்னைக்கே வேற ஒண்ணு எடுத்துக்கிடுங்க."

என் பக்தியையும் கல்லாவில் போடப் பார்க்கிறார்!

அவர் மனைவி என் காதருகே, "நான் இதத் தொடவே மாட்டேன்க்கா. எனக்கு அரிவாமனைதான்" என்றார்.

வெறுங்கையோடு திரும்பிவிட்டோம்.

பிடியின் கடைசி வரை அலகு ஓடி, ஆணி அடித்த கத்தி கோவில்பட்டியில் எந்தக் கடையில் கிடைக்கும்? கிழங்கு வெட்டிப் பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். பேப்பர் வெட்டியவர்கள் வேண்டாம்.

இன்று கடை சாத்துவதற்குள் பதில் போடுங்கள்.