உப்பளத்தில் கேட்ட ஹார்ன்

நம்பாதவர்கள் என் நாத்தனார் ஐஸ்வர்யாவிடம் கேட்டுக்கொள்ளலாம். பட்டுச்சேலையும் மாலையுமாகக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இருட்டும் இல்லை, நடுநிசியும் இல்லை. நல்ல உச்சி வெயில்.

அன்று அவளுக்குக் கல்யாணம். தூத்துக்குடி மண்டபத்தில் ஒரு மணிக்குள் தாலி ஏறியாக வேண்டும். இறந்துபோன அப்பாவின் அம்பாசிடரில்தான் தங்கச்சி மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று என் கணவர் சிவபாலன் ஒற்றைக் காலில் நின்றார். மெக்கானிக் செந்தில்முருகன் கடையில் கிடந்த காரை முந்தின நாள் மாலை அவசரமாக ஓட்டி வந்தவர், துரு பிடித்துவிடும் என்று பானெட்டுக்குள் கண்ட இடமெல்லாம் பெயின்ட் அடித்தார். எங்களுடையது உப்புக்காற்று ஊர். இரும்பைக் கண்டால் பெயின்ட் டப்பாவைத் தூக்குவது எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு வியாதி.

வேம்பாரிலிருந்து நாங்கள் மூவரும் முதலில் கிளம்பினோம். சொந்தக்காரர்களின் வேன் பின்னால் வர வேண்டும். முக்கால் வழி தாண்டியதும், உப்புக் குவியல் முன்னால் நின்று ஒரு போட்டோ வேண்டும் என்றாள் ஐஸ்வர்யா. ரோட்டை விட்டு இறங்கி, உப்பளத்துக்குள் வெகுதூரம் போய் நிறுத்தினோம். போட்டோ எடுத்தோம். அவர் சாவியைத் திருகினார்.

டக்.

மறுபடி திருகினார். டக்.

“பேட்டரி போயிட்டா?” என்றேன்.

“புது பேட்டரி. நீ சும்மா இரு.”

பானெட்டைத் திறந்தார். தட்டினார், முறுக்கினார், மறுபடி சாவியைத் திருகினார். இந்த முறை வைப்பர் ஒரு தரம் அசைந்து நின்றது. இண்டிகேட்டர் மினுக்கென்று எரிந்து அணைந்தது.

“ஏங்க, வைப்பர் தானா ஆடுது.”

“எர்த் சரியில்ல. கரண்ட்டு திரும்பிப் போக வழியில்லாம கண்ட ஒயர்லயும் பூருது. அதுக்குப் போய் முழிக்கியே.”

போனில் சிக்னல் இல்லை. உப்பள ஆட்கள் விடியுமுன் வந்து, வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். சுற்றிலும் வெள்ளைக் குவியல்கள் மட்டும். ரோட்டில் போகிற வேனிலிருந்து பார்த்தால் எங்களைத் தெரியவே தெரியாது.

“அப்பவே சொன்னேன், வேன்ல போவோம்னு.”

“கல்யாணம் முடியட்டும் உமா. அப்புறம் ஏசு.”

“நான் வேணும்னா இறங்கித் தள்ளட்டா அண்ணே?” என்றாள் பின்சீட்டிலிருந்து ஐஸ்வர்யா. “மாலையெல்லாம் போட்டு ரெடியாத்தான் இருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றி, அதன் அடியிலும் விடாமல் பெயின்ட் பூசி, திரும்ப முடுக்கியிருக்கிறார். பெயின்டைத் தாண்டிக் கரண்ட் போகாது. காலையில் எப்படியோ ஓடியிருக்கிறது.

“என் புத்தியை...” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “பிடி. எங்கயும் படாம பாத்துக்கோ.”

குனிந்து, சாவியால் பெயின்டைச் சுரண்டினார். கர்ர்... கர்ர்...

இப்போது காரில் துளி கரண்ட் கிடையாது.

அப்போது...

ஹார்ன் அடித்தது.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

சுரண்டும் சத்தம் நின்றது. நான் என் கையைப் பார்த்தேன். ஒயர் கையில்தான் இருந்தது.

“ஏளா ஐசு... ஹார்னைத் தொட்டியா?” என்றார் அவர்.

“நான் பின்னாலல்லா இருக்கேன்.” அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். “மதினி... அப்பா வாசல்ல வந்து அடிக்கிற மாதிரியே இருக்கு.”

ஆமாம். ராத்திரி தன் கடையை அடைத்து வீட்டுக்கு வந்ததும், கேட்டைத் திறக்கச் சொல்லி மாமனார் அடிப்பது அப்படித்தான்.

மறுபடி. இரண்டு குட்டை... ஒரு நீளம்.

ஸ்டியரிங் முன்னால் யாரும் இல்லை.

மறுபடி...

பிறகு ஓய்ந்தது. காற்றுகூட இல்லை.

தூரத்தில் புழுதி. எங்கள் வேன்.

“ஹார்ன் கேட்டுத்தான் திருப்புனேன்,” என்றார் வேன் ஓட்டி வந்த பால்துரை சித்தப்பா. “இல்லன்னா நேரா போயிருப்பேன். ஏலே, என்ன ரெண்டு பேரும் இப்படி வேர்த்து நிக்கீங்க?”

மூவரும் வேனில் ஏறிக்கொண்டோம். கார் அங்கேயே கிடந்தது. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியது.

ஒரு வாரம் கழித்து செந்தில்முருகன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. முகத்தில் கடுப்பு.

“அண்ணாச்சி, காரை எடுக்க உங்ககிட்ட கொடுத்த கடைச் சாவியை வேற யாருக்கும் கொடுத்தீங்களா?”

“இல்லையே. ஏன்?”

“கல்யாணத்தன்னைக்கு நான் மண்டபத்துலதான கிடந்தேன். பூட்டுன கடைக்குள்ள உச்சி வேளையில ஹார்ன் அடிச்சிச்சாம். ரெண்டு குட்டை, ஒரு நீளம். திரும்பத் திரும்ப. பக்கத்து டீக்கடைக்காரரு என்னை ஏசுதாரு.”

அவன் பையிலிருந்து கறுப்பாக, வட்டமாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“நீங்க பறக்கப் பறக்க காரை எடுத்துட்டுப் போயிட்டீங்க. ரிப்பேருக்குக் கழட்டுன இதை நான் திரும்ப மாட்டவே இல்ல. அன்னைக்குலேர்ந்து என் அலமாரியிலதான் கிடக்கு.”

மாமனாரின் ஹார்ன். அதில் ஒரு ஒயர்கூட இல்லை.