எட்டு இல்லாத எண்

12345679. நடுவில் எட்டைக் காணோமே என்று பார்க்கிறீர்கள். அச்சுப்பிழை இல்லை, எண்ணே அப்படித்தான். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த எண் இது. இதற்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

கோயம்புத்தூரில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கணவருக்குப் புனேயில் பாணேர் பக்கம் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு எந்தப் பள்ளியும் என்னைச் சீந்தவில்லை. மராத்தி தெரியாத டீச்சர் யாருக்கு வேண்டும்? ஊரின் இன்னொரு கோடியில், கோந்த்வாவில் ஒரு பள்ளி மட்டும் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னது. இதுவும் கைவிட்டுப் போனால் இனி சாக்பீஸைத் தொடுவதில்லை என்று இருந்தேன். "நீ கணக்கச் சொல்லிக் குடு, பாஷை பின்னாலயே வரும்" என்றார் கணவர். அவருக்கென்ன, ஆபீஸில் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டுகிறவர்.

காய்கறிக் கடையில் பொறுக்கிய மராத்தி எண்கள் கொஞ்சம் என் கைவசம் இருந்தன. நாம் இருபத்தொன்று என்போம். அவர்கள் ஒன்றை முன்னால் வைத்து ஏக்வீஸ் என்பார்கள். முப்பத்தொன்று ஏக்தீஸ். சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெனாவட்டு வேறு.

வகுப்பில் எட்டு இல்லாத அந்த எண்ணைப் பலகையில் எழுதி, எதனால் பெருக்கலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முதல் பெஞ்சுப் பெண் "ஏகோண்ஐன்ஷி" என்றாள். ஐன்ஷி எண்பது, ஏக் ஒன்று. எண்பத்தொன்று என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. ஏகோண் என்றால் ஒன்று குறைவாம். அவள் சொன்னது எழுபத்தொன்பது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

அழிக்கப் போனவள், பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன். இதையே முதலில் போடுவோம் என்றேன். விடை 999999999. ஒன்பது இடத்திலும் ஒன்பது. சிரிப்பு அடங்கியது.

பிறகு அவளுடைய எழுபத்தொன்பது. என் எண் இரண்டு கூடுதல் என்பதால், விடையிலிருந்து 12345679-ஐ இரண்டு முறை கழித்தோம். 975308641. இதில் என்ன அழகு இருக்கிறது என்று நான் நினைக்கும்போதே அந்தப் பெண் எழுந்தாள். எந்த இலக்கமும் திரும்ப வரவில்லை, ஓர் இலக்கம் மட்டும் வரவே இல்லை என்றாள்.

"டூ இஸ் மிஸ்ஸிங், டீச்சர்."

என் தப்புக்கும் அவள் சரிக்கும் நடுவில் இருந்த அதே இரண்டு. நானே கவனித்திராத ஒன்று. அந்த நிமிடம் அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது.

வேண்டுமென்றே தப்பாக எழுதினீர்களா என்று தலைமையாசிரியை பிற்பாடு இந்தியில் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மராத்தி தெரியாது மேடம் என்றேன். அதைப் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்.

வீடு திரும்பும் ஆட்டோ கேம்ப் பகுதியைத் தாண்டும் வரை அழுதுகொண்டே வந்தேன். அதற்குப் பிறகுதான் கணவரைப் போனில் கூப்பிட முடிந்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"தப்பா எழுதினேனுங்க" என்றேன்.